நைட்டியா மீன் புதைபடிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசையில் ஒரு வெளிர்மஞ்சள் கல் இருக்கிறது. உள்ளங்கை அகலம், விரல் தடிமன். அதன் நடுவே காபித்தூள் நிறத்தில் ஒரு மீன், தலை முதல் வால் வரை முழுசாக. ஏழு சென்டிமீட்டர் நீளம். முள்ளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அத்தை மகன், வயோமிங் மாநிலத்தில் கட்டணம் கட்டினால் நாமே கல்லைப் பிளந்து எடுக்க விடும் ஒரு குவாரியில் எடுத்து வந்து கொடுத்தது.

அதைப் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் அநேகமாக அதேதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது நிஜ மீனா, கல்லுல செதுக்கினதா?

நிஜ மீன். கல்லில் தெரியும் பழுப்புக் கோடுகள் அந்த மீனின் எலும்புகளேதான். சதை போய்விட்டது. எலும்பும் செதிலும் காலப்போக்கில் தாதுக்கள் ஏறி இறுகி, நிறம் மாறி, சுற்றியிருந்த சேறு சுண்ணாம்புக் கல்லானபோது அதற்குள்ளேயே தங்கிவிட்டன. விரலால் மெல்லத் தடவினால் முதுகெலும்பு கல்லைவிட ஒரு மயிரிழை மேடாக நிற்பது தெரியும். நான் குழந்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்வேன். "முள்ளு!" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே ஒரு புதைபடிவத்தை வைத்திருக்கிறார்கள். நேபாளத்தில் கண்டகி ஆற்றங்கரையில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் தெரியும் சக்கரம், அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் ஓட்டுச் சுருள்.

பேரே ஒரு மாதிரி இருக்கே. நைட்டியான்னா என்ன?

ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. வில்பர் கிளின்டன் நைட் என்பவர் வயோமிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ராக்கி மலைத்தொடரின் தொல்லுயிர்களைத் தேடி ஓயாமல் அலைந்தவர், 1903-ல் காலமானார். அவர் நினைவாக டேவிட் ஸ்டார் ஜோர்டான் 1907-ல் இந்தப் பேரினத்துக்கு நைட்டியா என்று பெயர் வைத்தார். ஜோர்டான் அக்காலத்தின் பெரிய மீனியல் அறிஞர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர்.

நைட்டியா என்பது ஒரு மீனின் பெயர் கிடையாது, நெருங்கிய உறவுள்ள சில மீனினங்களுக்குப் பொதுவான பெயர். அதிகம் கிடைப்பவை இரண்டு. ஒல்லியாக இருப்பது நைட்டியா இயோசினா, உடல் அகலமாக இருப்பது நைட்டியா ஆல்டா. என் கல்லில் இருப்பது ஒல்லி வகை.

நாம சாப்பிடுற மீன்ல எது மாதிரி இது?

மத்தி. கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சூடை, கீரி என்று சொல்லும் மீன்களும் இதே வட்டம்தான். நைட்டியா அந்த மத்தி வகையறாவைச் சேர்ந்தது. மத்தி கழுவுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வயிற்றின் அடி ஓரத்தில் கையை வைத்து இழுத்தால் ரம்பம் போலச் சுரண்டும். அங்கே வரிசையாக முனை கூர்ந்த தடித்த செதில்கள் இருக்கின்றன. நைட்டியாவுக்கும் அதே இடத்தில் அதே ரம்பம் உண்டு, கல்லில் சின்னச் சின்னக் கொக்கிகளாகத் தெரியும். கூடுதலாக, தலைக்குப் பின்னாலிருந்து முதுகுத் துடுப்பு வரையிலும் அதுபோல ஒரு வரிசை இருந்தது.

பெரும்பாலானவை விரல் நீளத்துக்குள் அடங்கும். அதிகபட்சம் 25 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கின்றன. ஒரு பெரிய வித்தியாசம்: நம் மத்தி கடல் மீன், நைட்டியா நல்ல தண்ணீர் ஏரியில் வாழ்ந்தது.

கதிர்த்துடுப்பு மீன்னு சொல்றீங்களே, அப்படின்னா?

துடுப்பை விரித்துப் பாருங்கள். குடைக்கம்பி மாதிரி மெல்லிய எலும்புக் கம்பிகள் விரிந்து, அவற்றுக்கு நடுவே தோல் கட்டியிருக்கும். அந்தக் கம்பிகள்தான் கதிர்கள். வஞ்சிரம், கெண்டை, விரால், நெத்திலி என்று நாம் சந்தையில் பார்க்கும் மீன்களில் சுறாவையும் திருக்கையையும் தள்ளிவிட்டால் மீதி எல்லாமே கதிர்த்துடுப்பு மீன்கள்தான், நைட்டியாவும் அப்படித்தான். சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பே கிடையாது, குருத்தெலும்பு மட்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. துடுப்பின் அடியில் சதைப்பற்றான தண்டு இருக்கும் மீன்கள்: சீலகாந்த், நுரையீரல் மீன். நாலு கால் விலங்குகள் எல்லாம், நாம் உட்பட, அந்தக் கூட்டத்தின் கிளையிலிருந்து வந்தவை.

எவ்வளவு பழசு? டைனோசர் காலத்து மீனா?

இந்தக் கல் வந்த பாறையின் வயது சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆக, கடைசி டைனோசர் செத்து ஒரு கோடியே 40 லட்சம் ஆண்டுகள் கழித்து இந்த மீன் நீந்திக்கொண்டிருந்தது. அந்தக் காலகட்டத்தின் பெயர் இயோசீன். தனித் தீவாக வடக்கே நகர்ந்து வந்த இந்திய நிலம் ஆசியாவோடு மோதத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். இமயமலை அப்போது எழும்பியிருக்கவில்லை.

அஞ்சு கோடி வருஷம்னு எப்படிச் சொல்றாங்க? கார்பன் டேட்டிங்கா?

இல்லை. கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்குள்தான் வேலை செய்யும். அதற்கு மேல் பழசான பொருளில் அளக்கும் அளவுக்குக் கதிரியக்கக் கார்பன் மிஞ்சாது.

இங்கே உதவியது எரிமலைச் சாம்பல். அந்த ஏரி இருந்த காலத்தில் பக்கத்துப் பிரதேசங்களில் எரிமலைகள் வெடித்துச் சாம்பல் ஏரியில் விழுந்து, மீன் படிந்த சேற்று அடுக்குகளுக்கு நடுவே தனி அடுக்காகப் படிந்தது. சாம்பலில் பொட்டாசியம் உள்ள படிகங்கள் இருக்கும். அந்தப் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு, மாறாத வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கிறது. படிகத்துக்குள் எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், சாம்பல் எப்போது குளிர்ந்தது என்று கணக்கிடலாம். சாம்பலின் வயது தெரிந்தால் அதற்குச் சற்று மேலும் கீழும் கிடக்கும் மீனின் வயதும் தெரிந்த மாதிரி.

மலை மேல மீன் எப்படி வந்துச்சு? அங்க கடல் இருந்துச்சா?

கடல் இல்லை, ஏரி. இன்றைய வயோமிங், யூட்டா, கொலராடோ மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், எழும்பிக்கொண்டிருந்த மலைகளுக்கு நடுவே மூன்று பெரிய ஏரிகள் இருந்தன. அவை விட்டுப்போன படிவுகளுக்குக் கிரீன் ரிவர் பாறை அடுக்குகள் என்று பெயர். மூன்றில் சின்னது ஃபாசில் ஏரி. சின்னது என்றாலும் பரந்திருந்த காலத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் இருந்தது. மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்ட மீன்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

இன்று அந்த இடம் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் வறண்ட மேட்டுநிலம். புதர்ச்செடிகள், நீண்ட பனிக்காலம். ஆனால் அதே கல்லில் பனைக் குடும்பத்து ஓலைகளும் முதலைகளும் கிடைக்கின்றன. பனையும் முதலையும் உறைபனியில் பிழைக்காது. அப்போது அங்கே நம் ஊர் போன்ற இதமான வெப்பம் இருந்திருக்கிறது என்பதற்கு அந்த ஓலைகளே சாட்சி.

பிரளயத்துல அடிச்சிட்டு வந்த மீனா இருக்கலாமே?

பெரியவர்கள் பலர் மரியாதையோடு கேட்கும் கேள்வி இது, எனக்கும் பதில் சொல்லப் பிடிக்கும். கல்லைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். புத்தகத்தின் ஓரம் போல மெல்லிய படலங்கள், வெளிர்நிறம் ஒன்று, கறுத்தது ஒன்று என்று மாறி மாறி இருக்கும். பல படலங்கள் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. வெளிர்படலம் சுண்ணாம்பு, கறுத்தது பாசி முதலானவை மக்கிய கரிமப் பொருள். தண்ணீர் அசையாமல் நின்று, சுண்ணாம்பு மெல்ல இறங்கி, பிறகு பாசி இறங்கி, மறுபடி சுண்ணாம்பு இறங்கினால்தான் இப்படி அமையும். வெள்ளம் புரட்டிப்போட்டிருந்தால் மணலும் கூழாங்கல்லும் மீனும் கலந்து கிடந்திருக்கும்.

மீன் குஞ்சு, நடுத்தர மீன், முதிர்ந்த மீன் என்று எல்லா வயதும் அந்த அடுக்குகளில் கிடைக்கின்றன. மீன்களின் எச்சங்கூட கல்லாகிக் கிடக்கிறது. பல தலைமுறைகள் பிறந்து, தின்று, வளர்ந்து, செத்த இடம் அது.

செத்த மீன் ரெண்டு நாள்ல அழுகிடுது. இது மட்டும் எப்படி அப்படியே இருக்கு?

அழுகுவது மட்டும் பிரச்சினை இல்லை. செத்த மீனை நண்டும் பிற மீன்களும் பிய்த்துப் போட்டுவிடும், வயிற்றில் வாயு நிரம்பி உடல் மிதந்து சிதறும். ஃபாசில் ஏரியின் ஆழத்தில் இவை நடக்கவில்லை. அடித்தண்ணீரில் உயிர்வாயு (ஆக்சிஜன்) கிடையாது, அதனால் அங்கே இறங்கிப் பிணம் தின்ன எந்த உயிரியும் இல்லை. அடித்தளத்தைக் கிளறும் புழுகூட இல்லை. மேலே சொன்ன மெல்லிய படலங்கள் கலையாமல் இருப்பதே அதற்குச் சான்று.

மேலிருந்து சுண்ணாம்புத் துகள் மாவு போல இறங்கிக்கொண்டே இருந்தது. மீன் அதன் மீது சாய்ந்து படுத்தது, அடுத்தடுத்த படலங்கள் மூடின. மாவு அவ்வளவு நைஸ் என்பதால் துடுப்புக் கதிர்கூடப் பதிந்தது. மேலே சேர்ந்த எடை அழுத்தியதில் உடல் தட்டையானது. அதனால்தான் கல்லில் மீன் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே தெரிகிறது.

ஒரே கல்லுல நூறு மீன் இருக்கிற படம் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்துல எப்படிச் செத்துச்சு?

நைட்டியா கூட்டமாக வாழும் மீன், மத்தி மாதிரியே. கூட்டமாக வாழ்வது கூட்டமாகவே சாகும்.

நம் ஊர் ஏரிகளிலும் சில நாள் காலையில் ஆயிரக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாசி மண்டி, பிறகு செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் உயிர்வாயுவைத் தின்றுவிடும். ஃபாசில் ஏரியில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. உயிர்வாயு இல்லாத அடித்தண்ணீர், காற்றாலோ திடீர்க் குளிராலோ மேலே புரண்டு வந்தால் மேல்மட்டத்து மீன்கள் மொத்தமாக மூச்சுத் திணறும். ஒரே பலகையில் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மீன்கள் நெருக்கமாகக் கிடப்பதைப் பார்த்தால், ஒரே வயதுக் கூட்டம் ஒரே சமயத்தில் மாட்டியது புரியும்.

இப்படிப்பட்ட பலகையை ஒருமுறை உற்றுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். தனி மீனைப் பார்த்தால் ஒரு உயிரியின் எலும்பு தெரிகிறது. நூறு மீன்களைப் பார்த்தால் அந்த ஏரியில் நடந்த ஒரு துயரமான நாளே தெரிகிறது.

அது என்ன சாப்பிட்டுச்சு? அதை எது சாப்பிட்டுச்சு?

பல் சின்னது, கூம்பு வடிவம். நுண்பாசி, சின்ன ஓட்டுயிரிகள், பூச்சிகள், எப்போதாவது குஞ்சு மீன்கள் அதன் உணவு.

அதைத் தின்றவை ஏராளம். டிப்ளோமிஸ்டஸ், மையோப்ளோசஸ், ஃபாரியோடஸ் என்ற பெரிய மீன்களுக்கும் நீண்ட மூக்குள்ள கார் மீன்களுக்கும் நைட்டியாதான் அன்றாடச் சாப்பாடு. இதற்கு நேரடிச் சான்று கல்லிலேயே உண்டு. பெரிய மீனின் வாயில் பாதி உள்ளே போன நைட்டியாவோடு இரண்டும் சேர்ந்து கல்லாகக் கிடைத்திருக்கின்றன. அகலத்துக்கு மீறி விழுங்கி, உள்ளேயும் தள்ள முடியாமல் வெளியேயும் துப்ப முடியாமல் செவுள் அடைபட்டு இறந்த மீன்கள் அவை. பதப்படுத்திக் காட்சிக்கு வைத்திருக்கும் இடங்களில் இந்தக் கல் முன்னால்தான் கூட்டம் நிற்கும்.

முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

1856-ல் ஜான் எவான்ஸ் என்ற புவியியலாளர் சேகரித்த மீனைப் பிலடெல்பியாவில் இருந்த தொல்லுயிர் அறிஞர் ஜோசப் லைடி ஆராய்ந்து பெயரிட்டார். ஹெர்ரிங் மீனின் பேரினமான க்ளூபியாவில் சேர்த்து க்ளூபியா ஹ்யூமிலிஸ் என்றார். மத்தி வகையறா என்பதை முதல் பார்வையிலேயே சரியாகப் பிடித்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அதே பெயரை வேறொருவர் வேறு மீனுக்கு ஏற்கெனவே வைத்திருந்தார். ஒரே பெயர் இரண்டுக்கு இருக்கக்கூடாது என்பது விதி. அதனால்தான் ஜோர்டான் 1907-ல் வைத்த இயோசினா நிலைத்தது.

1860-களின் கடைசியில் யூனியன் பசிபிக் ரயில் பாதைக்காகக் கிரீன் ரிவர் ஊருக்கு மேற்கே மலையை வெட்டியபோது ஏராளமான மீன்கள் வெளிப்பட்டன. அந்த வெட்டுக்கே "கல்லான மீன் வெட்டு" என்று பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து போன மாதிரிகளைத்தான் எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற தொல்லுயிர் அறிஞர் விவரித்து எழுதினார்.

இவ்வளவு கிடைக்குதுன்னா இதுக்கு என்ன மதிப்பு?

உலகத்தில் முழு எலும்புக்கூடாக அதிகம் கிடைக்கும் முதுகெலும்பு விலங்குப் புதைபடிவம் அநேகமாக நைட்டியாதான். "அப்போ சாதாரணம்தானே" என்று சிலர் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அங்கேதான் மனசு கேட்காது.

அபூர்வமான விலங்கு ஒன்று கிடைத்தால் அந்த ஒரு விலங்கைப் பற்றித் தெரியும். நைட்டியா மாதிரி ஆயிரமாயிரமாகக் கிடைத்தால் குஞ்சிலிருந்து முதுமை வரை உடல் எப்படி மாறியது, எந்த அடுக்கில் கூட்டம் பெருகியது, எந்த அடுக்கில் குறைந்தது, யார் யாரைத் தின்றார்கள் என்று ஏரியின் முழு வாழ்க்கையையும் படிக்கலாம். முள் ஒன்று கூடுதலாக இருக்கும் மீன், வளைந்த முதுகு உள்ள மீன் என்று ஒன்றுக்கொன்று இருக்கும் வேறுபாட்டையும் பார்க்கலாம். ஒரே ஒரு எலும்புக்கூட்டை வைத்து இதில் எதையும் செய்ய முடியாது. அந்த ஏரியில் பெரிய மீன்களும் முதலைகளும் பறவைகளும் பிழைத்ததே இந்தச் சின்ன மீனின் பெருக்கத்தால். இன்று அரபிக்கடலில் மத்தி செய்யும் வேலை அது. மத்தி குறைந்த வருடம் கடற்கரையில் என்ன நடக்கும் என்று மீனவக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வயோமிங் 1987-ல் நைட்டியாவைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது. டைனோசர் எலும்புகளுக்குப் பேர்போன மாநிலம் அது. அங்கே இந்த விரல் நீள மீனுக்கு அந்த இடம் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ராத்திரியிலதான் தோண்டுறாங்கன்னு சொன்னது உண்மையா?

ஒரு வகை அடுக்குக்கு உண்மை. ஃபாசில் ஏரியில் மீன் எடுக்கும் அடுக்குகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, கல் சரியாக மீன் இருக்கும் தளத்திலேயே பிளந்துகொள்ளும் அடுக்கு. உளியை ஓரத்தில் வைத்துத் தட்டினால் புத்தகம் மாதிரி திறக்கும், மீனின் ஒரு பாதி இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம். என் கல் இந்த வகை. புதிதாகப் பிளந்த பலகையில் லேசாக எண்ணெய் வாடை அடிக்கும் என்று அத்தை மகன் சொன்னான். அந்தக் கறுத்த படலத்தில் இருக்கும் கரிமப் பொருளின் வாடை அது.

மற்றது 18 அங்குல அடுக்கு. அங்கே மீனின் மேல் மெல்லிய கல் போர்வை மூடியிருக்கும், பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டியபின் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால், முதுகெலும்பின் மேடு மட்டும் கயிறு போல நிழல் விழுத்தும். அதைப் பார்த்து அடையாளம் போட்டு அறுத்தெடுப்பார்கள். பிறகு பட்டறையில் ஊசியாலும் மென்மையான பொடியைக் காற்றோடு பீய்ச்சியும் மணிக்கணக்கில் போர்வையை நீக்குவார்கள். எலும்பு முழுசாக ஒரே பக்கம் கிடைப்பதால் இந்த மீன்கள் மிக அழகாக இருக்கும்.

ஆன்லைன்ல விக்கிறாங்க. போலின்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முழுப் போலி குறைவு, நிஜமே அவ்வளவு கிடைக்கும்போது ஒன்றுமில்லாத கல்லில் மீன் செய்வது வீண் வேலை. பார்க்க வேண்டியது ஒட்டுவேலையும் பெயின்ட்டும்தான். உடைந்த வாலுக்குப் பதில் வண்ணம் தீட்டிய வால், காணாமல் போன துடுப்புக்குத் தூரிகைக் கோடு, வேறொரு கல்லிலிருந்து வெட்டிப் பதித்த மீன்.

நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பூதக்கண்ணாடி போதும். நிஜ எலும்புக்குத் தடிமன் உண்டு, உடைந்த இடத்தில் உட்புறம் தெரியும், முள்ளெலும்புகள் தனித்தனி மணிகளாக இருக்கும். பெயின்ட் ஒரே சீராகக் கல்லின் சொரசொரப்பு மேல் படிந்து, குமிழும் தூரிகைத் தடமும் காட்டும். பஞ்சில் துளி அசிட்டோன் தொட்டு ஓரத்தில் ஒற்றினால் நிறம் ஒட்டிக்கொண்டு வருவது வண்ணம். மீனைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வட்டக் கோடு தெரிந்தால் பதித்தது. கல் உடைந்து ஒட்டியிருப்பது குற்றமில்லை, மெல்லிய பலகை உடையத்தான் செய்யும். விற்பவர் அதைச் சொல்லிவிட்டாரா என்பதே கேள்வி. எந்த இடம், எந்த அடுக்கு, எதெல்லாம் சரிசெய்யப்பட்டது என்ற மூன்றையும் கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் சொல்வார்.

நைட்டியான்னு வாங்கினேன், அது வேற மீனுன்னு ஒருத்தர் சொல்றார். எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நடக்கக்கூடியதுதான். டிப்ளோமிஸ்டஸின் குஞ்சு பார்வைக்கு நைட்டியா மாதிரியே இருக்கும். இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலில் வாய். டிப்ளோமிஸ்டஸின் வாய் வானத்தைப் பார்த்து மேல்நோக்கித் திறக்கும், தண்ணீரின் மேல்பரப்பில் இரை பிடிக்கும் மீன் அது. நைட்டியாவின் வாய் முன்நோக்கி இருக்கும். அடுத்தது, வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் இருக்கும் துடுப்பு. டிப்ளோமிஸ்டஸுக்கு அது வால் பக்கம் வரை நீண்டு ஓடும், நைட்டியாவுக்குக் குட்டையாக நின்றுவிடும்.

இரண்டுக்கும் வயிற்றில் ரம்பம் இருப்பதால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தோண்டி விக்கிறது சட்டப்படி சரியா?

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. கெம்மரர் ஊர் அருகே இருக்கும் ஃபாசில் பியூட் 1972-ல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது, அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. மத்திய அரசின் பிற நிலங்களிலும் முதுகெலும்பு விலங்குப் புதைபடிவங்களை அனுமதியின்றி எடுப்பது குற்றம், 2009-ல் வந்த சட்டம் அதை இன்னும் இறுக்கியது. தனியார் நிலத்திலும் மாநில அரசு குத்தகைக்கு விட்ட குவாரிகளிலும் எடுக்கலாம். குத்தகை நிலத்தில் நைட்டியா போன்ற சாதாரண மீன்கள் குத்தகைதாரருக்கு, வௌவால், பறவை, முதலை போன்ற அபூர்வங்கள் மாநிலத்துக்கு.

எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகப் படுகிறது. ஒரு குழந்தையின் கையில் நைட்டியா இருப்பதால் அறிவியலுக்கு நஷ்டமில்லை, லாபம்தான். ஒரு வௌவால் யாரோ ஒருவர் வரவேற்பறையில் முடங்கினால் அது எல்லோருக்கும் நஷ்டம்.

வீட்டுல எப்படி வெச்சுக்கிறது? புளி போட்டுக் கழுவலாமா?

தயவுசெய்து வேண்டாம். பித்தளை விளக்குக்குச் செய்கிற மாதிரி புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் தொடவிடாதீர்கள். கல் சுண்ணாம்பு, புளிப்பு அதைக் கரைத்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டால் படலங்கள் பிரிந்துவரும். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். எண்ணெயோ வார்னிஷோ பூசினால் முதலில் பளபளக்கும், பிறகு மஞ்சளாகிவிடும்.

நம்ம ஊர்ல நைட்டியா கிடைக்குமா?

கிடைக்காது. ஆனால் இந்தியாவுக்கும் பழைய கதிர்த்துடுப்பு மீன்கள் உண்டு. பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கில் கோட்டா என்ற பாறை அடுக்கில் லெபிடோடஸ் போன்ற மீன்கள் கிடைத்திருக்கின்றன. ஓடு வேய்ந்தது போலத் தடித்துப் பளபளக்கும் செதில்கள் உள்ள மீன்கள் அவை, ஜுராசிக் காலத்தவை, நைட்டியாவைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை.

தமிழ்நாட்டில் பார்க்க ஆசைப்பட்டால் அரியலூர். அது டைனோசர் காலத்துக் கடல். சுறாப் பற்களும் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது, குழந்தைகளோடு போய் வாருங்கள்.

அப்போ நம்ம மத்தி இதோட பேரனா?

பேரன் என்று சொல்லக்கூடாது, தூரத்துப் பங்காளி என்று சொல்லலாம். ஒரே பழைய குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். நைட்டியாவின் கிளை அமெரிக்க ஏரிகளோடு போய்விட்டது. பெரிய பேரழிவு எதுவும் இல்லை. ஏரிகள் உப்பேறி, வண்டல் நிரம்பி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் மறைந்தன. கடலில் வாழும் மீனுக்கு ஒரு கரை கெட்டால் இன்னொரு கரை உண்டு. மலைகளுக்கு நடுவே ஒரு ஏரியை நம்பி வாழ்ந்ததற்குப் போக வேறு இடமில்லை.

டி.என்.ஏ எடுத்து மறுபடி உருவாக்க முடியுமா?

முடியாது. இதுவரை மீட்கப்பட்டதிலேயே மிகப் பழைய டி.என்.ஏ கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்தது, வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். நைட்டியா அதைவிடச் சுமார் 26 மடங்கு பழசு.

உங்க கல்லுல இருக்கிற மீன் எப்படிச் செத்துச்சு?

திருப்பூரில் ஒரு நாலாம் வகுப்புப் பெண் கேட்டது. இப்போது எல்லாப் பள்ளியிலும் யாராவது கேட்கிறார்கள். நான் கல்லை அவர்கள் கையிலேயே கொடுத்து, கடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இல்லை. விலா எலும்பு விலகியிருக்கிறதா? இல்லை. அப்படியானால் உடல் அழுகி ஊதி மிதக்கவில்லை, செத்த கொஞ்ச நேரத்திலேயே அடியில் போய்ப் படுத்துவிட்டது. துடுப்புகள் விரிந்திருக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வால் நுனி மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் குறைவு, அது கல் பிளந்தபோது மறு பலகையோடு போய்விட்டது. அந்த மறு பலகை அத்தை மகன் வீட்டில், அவன் மகள் படிக்கும் மேசையில் இருக்கிறது.